இரண்டாம் ஓலைக்கு முன்பு ஒரு மேட்னி

போன மாதம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு தனியார் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். ஓட்டுநர் தலைக்கு மேலே இருந்த டிவியில் பழைய படம் ஒன்று ஓடியது. இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன், அந்த மூன்று அக்கா தங்கை படம்தான். பெயரைச் சொன்னால் ‘ஐயோ, அந்த அறுவையா’ என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால் சொல்லப்போவதில்லை.

படத்தில் மூத்தவளுக்கு நிச்சயித்தவன் நடுவுள்ளவளை விரும்புவான். நடுவுள்ளவள் விரும்புகிறவன் கடைசிக்காரியின் பின்னால் அலைவான். இடையில் ஒரு தாய்மாமன், அவர் வேட்டி மட்டும் எந்தக் காட்சியிலும் இடுப்பில் நிற்காது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மூத்தவள் மொட்டை மாடியில், மழையில் நின்றுகொண்டு, தன் மனதில் இருப்பவனைத் தங்கைக்காக விட்டுக்கொடுப்பாள். பேருந்தில் அந்தக் காட்சி வந்தபோது பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு என்னைக் கேட்டாள். “இந்தம்மா இன்னாத்துக்கு ஆன்ட்டி இவ்ளோ பேஜார் பண்ணிக்கினு நிக்குது? நேரா போயி கேட்டா முடிஞ்சிச்சி இல்ல?”

“முடிஞ்சிடும்மா” என்றேன். எனக்கு வந்த சிரிப்பு விக்கிரவாண்டி தாண்டியும் அடங்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைத்திருக்குமோ.

தொண்ணூற்று மூன்றில் இதே படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டிலும் ஒரு தியாகம் நடந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு.

நாங்களும் மூன்று பேர். செலினக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது, தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். ரீட்டாவுக்கு இருபத்துநாலு, திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், தினமும் பஸ்ஸில் போய் வருவாள். நான் கடைக்குட்டி, இருபது வயது, விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு எஸ்டிடி பூத்தில் வேலை. அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துபோனார். அதன் பிறகு எங்களுக்குத் தலை வாரி, பேன் பார்த்து, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்ததெல்லாம் செலினக்காதான்.

அப்பா எங்கள் மாதா கோவிலில் உபதேசியார். சாமியாருக்கு, அதாவது பாதிரியாருக்கு, அடுத்தபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞானோபதேச வகுப்பு, ஜெபம், அடக்கத்துக்குக் குழி பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கெல்லாம் மேலாக, ஓலை வாசிப்பது. எங்களவர்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், இருவருடைய ஊர் எல்லாம் சொல்லி அறிவிக்க வேண்டும். அதற்குப் பெயர் ஓலை. கடைசியில், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடியும். அப்பாவுக்கு நல்ல கனத்த குரல். அவர் வாசித்தால் இல்லாத தடைகூட எங்கோ ஒளிந்திருக்கிறதோ என்று நான் சுற்றிமுற்றிப் பார்ப்பேன்.

பூத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஊர் ரகசியம் பாதி தெரியும். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் வெளியே கேட்காது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. நன்றாகவே கேட்கும். ரீட்டா லீவு நாட்களில் என் பூத்துக்கு வந்து திண்டிவனத்துக்குப் பேசுவாள். அந்தப் பக்கம் இருப்பவர் அவள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஆரோக்கியம். பெயருக்கேற்ற உடம்பு, ஆனால் வாய் மட்டும் நோஞ்சான். இவள் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். செலினக்காவுக்கு என் பூத்துக்கே போன் வரும். கூப்பிடுவது குமரன், கடைத்தெருவில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். தையல் மெஷின் மோட்டார் எரிந்துபோய் அவரிடம் கொண்டுபோனாள். அதன் பிறகு அந்த மோட்டார் மாதம் ஒரு முறை எரிந்தது. குமரன் இந்து, நம் வேதக்காரர் இல்லை என்பதால் அக்கா என்னிடம் மட்டும் சொல்லி, சத்தியம் வாங்கியிருந்தாள். ரீட்டாவும் தனியாகச் சத்தியம் வாங்கியிருந்தாள். இரண்டு சத்தியத்தையும் சுமந்துகொண்டு நான் முழிபிதுங்கித் திரிந்தேன்.

இந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது. முதல் வாரமே மூவரும் போய்விட்டோம். மொட்டை மாடிக் காட்சியில் தியேட்டர் பெண்கள் பக்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். செலினக்காவும் ரீட்டாவும் வீடு வரைக்கும் பேசவில்லை. படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மடச்சி நான்.

அடுத்த மாதம் ஆரோக்கியத்தின் அம்மா பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ரீட்டாவைக் கேட்கத்தான் வந்தார். ஆனால் மூத்தவள் இருக்கும்போது இளையவளைக் கேட்பது மரியாதையில்லை அல்லவா? அந்தம்மா நேராகப் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு, “ஒங்க வூட்ல சம்பந்தம் வெச்சிக்கலாம்னு வந்தோங்க” என்றார். அப்பா முகமெல்லாம் பல்லாகி, செலினக்காவைக் காபி கொண்டுவரச் சொன்னார். அந்தம்மா தயங்கினார், அக்காவைப் பார்த்தார், அக்கா போட்ட காபியைக் குடித்தார், சரி என்று சொல்லிவிட்டார். இந்தத் தப்பை எங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. மரியாதைக்காக மருமகளையே மாற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் ரீட்டா என் பூத்துக்கு வந்து திண்டிவனத்துக்குப் போன் போட்டாள். “எங்கக்காவ நீங்க கட்டிக்கணும். அவ எங்களுக்கு அம்மா மாதிரி. மறுப்பு சொன்னீங்கன்னா இனிமே என் மூஞ்சில முழிக்காதீங்க.” குரல்கூடப் படத்தில் வருகிறவளுடைய குரல் மாதிரியே இருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொன்னார். அது “சரி”யாகத்தான் இருக்க வேண்டும்.

செலினக்காவிடம் போய், குமரன் என்ன ஆவது என்று கேட்டேன். “நான் கட்டிக்கினு போனாதான்டி ஒங்க ரெண்டு பேருக்கும் வழி பொறக்கும். அவரு புரிஞ்சிப்பாரு” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். மழை ஒன்றுதான் குறை.

சத்தியத்தை மீறினால் பாவம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிறு அப்பா முதலாம் ஓலை வாசித்தார். சொந்த மகள் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. எனக்கு ஒரு பக்கம் ரீட்டா, மறு பக்கம் செலினக்கா, இருவரும் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு போனால் எல்லாம் முடிந்துவிடும்.

சனிக்கிழமை ரீட்டாதான் ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாக மூவரும் சேர்ந்து ஒரு படம் போகலாம் என்றாள். ஊரில் வேறு படம் இருந்தது. இருந்தும் அதே படத்துக்குத்தான் போனோம், மேட்னி. கழுவி விட்ட சிமெண்டுத் தரையும் வறுத்த மல்லாட்டையும் (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது அடித்தால் எனக்கு அந்த மேட்னிதான் ஞாபகம் வரும். நான் நடுவில் உட்கார்ந்தேன். மொட்டை மாடிக் காட்சி வந்தது. இடது பக்கம் செலினக்கா குமரனை நினைத்து அழுகிறாள். வலது பக்கம் ரீட்டா ஆரோக்கியத்தை நினைத்து அழுகிறாள். நடுவில் நான் மடி நிறைய மல்லாட்டைத் தோலோடு. என்ன கோபம் வந்தது என்கிறீர்கள்!

இடைவேளை விளக்குப் போட்டதும் உடைத்துவிட்டேன். “அக்கா, நீ அவளுக்காகக் குமரன வுட்டுக் குடுக்குற, அவ ஒனக்காக ஆரோக்கியத்த வுட்டுக் குடுக்குறா. அந்த மனுசன் இன்னா பண்டமா? யாருக்கும் வேணாத கல்யாணத்துக்கு அப்பா நாளைக்கு எழுந்து நின்னு ஓலை படிக்கப் போறாரு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செலினக்கா கேட்டாள். “மெய்யாலுமா ரீட்டா?” ரீட்டா தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “ஜல்தியா வாங்க, அப்பா ஓலை எழுதி முடிக்கறதுக்குள்ள போயிடணும்” என்றாள். படத்தின் பாதியில் கிளம்பியது எங்கள் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

அப்பா வீட்டில் உட்கார்ந்து மறுநாள் ஓலையை எழுதிக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் போய் நின்றாள். எங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. அழவும் இல்லை.

“அப்பா, நாளைக்கு ரெண்டாவது ஓலை படிக்காதீங்க. தடை இருக்குது.”

“யாரு சொன்னா?”

“நான்தான் சொல்றேன்.”

அப்பாவின் பேனா அப்படியே நின்றது. “கல்யாணப் பொண்ணே தடை சொல்றதா? நான் கேட்டதே இல்லயே.”

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ரீட்டாவைப் பற்றி, ஆரோக்கியத்தைப் பற்றி. கடைசியில் குமரனைப் பற்றியும் சொன்னாள், அவர் என்ன வேதம் என்பதையும் மறைக்கவில்லை. ரீட்டா விஷயத்தோடு நிறுத்தியிருக்கலாம். தன் விஷயத்தைப் பிறகு நல்ல நேரம் பார்த்துச் சொல்லியிருக்கலாம். “பாதி சொன்னா அதுவும் பொய்தானே” என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சாமியாரைப் பார்க்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் அப்பா வழக்கம்போல ஓலை வாசிக்க எழுந்து நின்றார். அவருடைய மரியாதையே அந்தக் குரலில்தான் இருந்தது. மகள் கல்யாணம் நின்றுபோனதை அதே குரலால், அதே சனங்கள் முன்னால் சொல்ல வேண்டும். பெயரை விட்டுவிட்டு மற்ற ஓலைகளை வாசித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? மற்ற ஓலைகளை வாசித்தார். பிறகு காகிதத்தை மடித்தார்.

“போன ஞாயிறு வாசிக்கப்பட்ட செலினின் ஓலை இத்துடன் நிறுத்தப்படுகிறது. தடை சொன்னவர் மணப்பெண். தடை நியாயமானது. இதை அறிவிப்பவர் மணப்பெண்ணின் தகப்பன்.”

செலினக்கா தலையைக் குனியவில்லை. எனக்கு அந்த நிமிடம் இருவரையும் நினைத்து வந்த பெருமை இருக்கிறதே, அதற்குப் பிறகு என் பிள்ளைகள் பட்டம் வாங்கியபோதுகூட அந்த அளவுக்கு வரவில்லை. இதை என் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

பேச்சு வராமல் இருக்குமா? வெளியே வந்ததும் வந்தது. பெண்ணுக்கு ஏதோ குறை என்றார்கள். மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்றார்கள். செலினக்கா அடுத்த நாளே ரீட்டாவை இழுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் போய் ஆரோக்கியத்தின் அம்மா முன்னால் நிறுத்தினாள். “ஒங்க புள்ள கேட்ட பொண்ணு இதாங்க. காபி என்ன வுட நல்லாவே போடுவா” என்றாள். அந்தம்மாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்துவிட்டார். ரீட்டாவின் கல்யாணத்தில் கல்யாணமாகாத அக்கா பெண்தோழியாக நின்றாள். ஊர் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று பட்டுப்புடவை கட்டி, நிறையப் பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

குமரன் பெயரை அப்பா இரண்டு வருடம் எடுக்கவில்லை. அக்காவும் அவசரப்படுத்தவில்லை, ஒளிந்துபோய்ப் பார்க்கவும் இல்லை. பிறகு ஒரு நாள் வீட்டு மோட்டார் ரிப்பேரானது. “அந்தப் புள்ளையே வந்து பாக்கட்டும்” என்றார் அப்பா. மோட்டாரில் ஒன்றுமில்லை, ஒயரை அப்பாவே கழற்றிவிட்டிருந்தார் என்று குமரன் மாமா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். வேறு மதத்தவரைக் கட்ட மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், அனுமதிக் கடிதம் வாங்க சாமியார் வீட்டுக்கு அப்பாதான் நடையாய் நடந்தார்.

இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு எங்கள் கோவிலில் ஓலை வாசிக்கும் வழக்கமில்லை. அது அப்பாவுக்குப் பெரிய குறை. ஊரில் அத்தனை பேர் பிள்ளைகளுக்கும் வாசித்தவர், மூத்த மகளுக்கு வாசிக்க முடியாதா? அதனால் மூன்று ஞாயிறும் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், தேய்த்த சட்டையைக் கழற்றாமல், எங்கள் முன்கூடத்தில் நின்றபடி வாசித்தார். கேட்க இருந்தது நாங்கள் மூன்று பெண்கள்தான். ரீட்டா அதற்காகவே திண்டிவனத்திலிருந்து கைக்குழந்தையோடு வருவாள். அதே கனத்த குரல், ஒரு சொல் குறையாது. முடிவில் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து செலினக்காவை மட்டும் பார்த்து, “தடை ஏதாச்சும் இருக்குதாம்மா?” என்று பேச்சுத் தமிழில் கேட்பார்.

“இல்லப்பா.”

“நல்லா யோசிச்சிச் சொல்லு.”

மூன்று ஞாயிறும் கேட்டார். மூன்று ஞாயிறும் அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது ஓலை எங்கள் கோவில் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. ஓரத்தில் ரோஜாப் பூ, நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். வந்த மறுநொடி நூறு பேர் கைகூப்பும் பொம்மை போடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, நானும் போடுகிறேன். ஆனால் இடம் போதவில்லையோ என்னவோ, தடை பற்றிய அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டார்கள். எந்தப் பெண்ணையும் யாரும் அதைக் கேட்பதில்லை.