பிராங்கிளின் வாத்தியாரின் மடக்குக் கத்தி

கணக்கு வாத்தியார் பிராங்கிளின் மடக்குக் கத்தி தீட்டப் பழகி ஒரு மாதமாகிறது. சும்மா சொல்லக் கூடாது, பாகைமானி வைத்து இருபது பாகை பிசகாமல் தீட்டுவார். கூர் வந்துவிட்டதா என்று இடது முன்கை முடியை மழித்துப் பார்ப்பார். இப்போது அந்தக் கையில் மழிக்க ஒரு முடிகூட இல்லை.

மனைவி ஆனந்தமேரி ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து வந்தாள். "அந்தக் கத்தியக் குடுங்க."

பதறிவிட்டார். "ஐயையோ, புளிப்பு பட்டா கூர் போயிரும்!"

"அப்ப எதுக்கு அம்புட்டு நேரம் தீட்டுறீங்க?"

பதிலுக்குக் காத்திராமல், அடுப்படிக் கத்தியைத் துவைக்கிற கல்லில் நாலு இழுப்பு இழுத்து, அத்தனை பழத்தையும் நறுக்கி முடித்தாள்.

வாத்தியார் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைலியை மெல்ல முழங்கால் வரை தூக்கினார். கெண்டைக்காலில் இன்னும் முடி நிறைய இருந்தது.