கிறீச்சிடாத பரண்

போன சனிக்கிழமை மகன் ஒரு கட்டில் வாங்கி வந்தான். கட்டில் என்றா சொல்வது? ஒரு தட்டையான அட்டைப்பெட்டி. அதற்குள்ளிருந்து பலகைகளும் ஒரு பை நிறையத் திருகாணிகளும் வந்தன. வளைந்த கம்பி ஒன்றால் முறுக்கி, தேநீர் ஆறுவதற்குள் நிமிர்த்திவிட்டான். நான் ஏறி உட்கார்ந்தேன். ஒரு மூலை கிறீச்சென்றது. "மம்மா, நோர்மாலே" என்றான், இத்தாலியின் பலெர்மோவில் பிறந்த பிள்ளை அல்லவா. எனக்கு அது அப்படிச் சாதாரணமாகப் போய்விடாது. என் கல்யாண வாழ்க்கையை ஒருமுறை கெடுக்கப் பார்த்த சத்தம் அது.

தொண்ணூறுகளின் நடுவில் மன்னாரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது, என் கணவர் சேவியர் வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகையில் இருந்தார். மாளிகை என்றதும் எதையாவது கற்பனை செய்துவிடாதீர்கள். ஒற்றை அறை, அதில் அவரும் இரண்டு நண்பர்களும். பிரபுக்கள் எங்களுக்கு விட்டுப்போனது உயரத்தை மட்டும்தான். இரண்டு மாடி கொள்ளும் உயரம், அதன் முகட்டில் சுண்ணாம்பு உதிர்ந்த தேவதூதர்கள். அப்படிப்பட்ட அறைகளில் நான்கு கால் நட்டு, பலகை அடித்து, மேலே படுப்பது அந்த நாளைய வழக்கம். இத்தாலியர் சொப்பால்கோ என்பார்கள், எங்கள் ஆட்கள் பரண் என்றார்கள்.

சேவியர் கதவு, யன்னல் செய்யும் ஒரு பட்டறையில் மரம் அறுக்கும் வாள் இயந்திரத்தில் நின்றவர். பழைய வீடுகளில் கழற்றிய கஸ்தாஞோ என்கிற செஸ்நட் மரத்தைக் கொண்டுவந்திருந்தார். ஈரம் பட்டால் இலேசாகப் புளித்த வாசம் வரும் மரம். இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் வந்தால் நான் புதுப்பெண் ஆகிவிடுகிறேன், கண்ணாடி பார்க்கும் வரைக்கும். சுவரில் ஆணி அடித்தால் வெளியே போகவேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால், பரண் சுவரைத் தொடாமல் தன் காலில் தானே நின்றது. ஆனால் என் வீசா நினைத்ததைவிடச் சீக்கிரம் கிடைத்துவிட்டதா, மனிதர் அவசர அவசரமாக மரத்தோடு மரத்தை ஆணியால் அடித்து முடித்துவிட்டார்.

நான் ஏணியில் ஏறிப் படுத்தேன். மூக்கு உடைந்த தேவதூதன் ஒருவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தான். கனவு போல இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். கிறீச். கீழே படுத்திருந்த நண்பர்களில் குரூஸ் அண்ணை செருமினார். எங்களைவிட மூத்தவர், அவர் பாவம். இளையவன் மரியதாஸ் எழும்பி ரேடியோவைத் திருகினான். நல்ல மனதோடுதான் செய்தான், அதுதான் என்னைக் கொன்றது. அதற்குப் பிறகு நான் மூச்சையும் எண்ணித்தான் விட்டேன்.

பொலிதேயாமாப் பக்கம் ஒரு வயதான சிஞோரா வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. அவர் வீட்டோடு தங்கச் சொன்னார். தனி அறை, கதவுடன். அந்த நாட்களில் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் ஞாயிற்றுக்கிழமைக் கணவன் மனைவிதான். பூசை முடிந்து பொலிதேயாமாச் சதுக்கத்து வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிட்டு, பின்னேரம் ஆளுக்கொரு பஸ் எடுப்பார்கள். நானும் அப்படிப் போகத் தீர்மானித்து, தனியாகக் கதைக்க வேறு இடம் இல்லாததால் மாடிப்படியில் வைத்து அவரிடம் சொன்னேன்.

"நான் சிஞோரா வீட்டை நிக்கப் போறன்."

"அப்ப நான்?"

"ஞாயிற்றுக்கிழமையிலை பாப்பம்."

கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே, "வாற ஞாயிறு மட்டும் பொறும்" என்றார்.

அந்த ஞாயிறு பரணைக் கழற்றினார்கள். ஆணியும் மரமும் உரசித்தான் கத்துகிறது, மரமே மரத்தைப் பிடித்தால் கத்தாது என்றார் அவர். உத்தரத்தின் நுனியை நாக்காகச் செதுக்கி, காலில் துளை குடைந்து, உள்ளே இறக்கி, குறுக்கே ஒரு மரமுளை அடித்தார். குறுக்குச் சட்டங்களின் நுனியைத் தகைவிலான் குருவியின் வால் போல விரித்து வெட்டி, உத்தரத்தில் அதே அளவு பள்ளத்தில் உட்கார வைத்தார். எதற்கு இந்தப் பாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. குரூஸ் அண்ணை மட்டும் என்னைப் பார்க்காமல், "இடிஞ்சு விழுந்தா கீழை படுக்கிற எங்களுக்கெல்லோ ஆபத்து தங்கச்சி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

மரியதாஸ் மேலே ஏறி உருண்டான், குதித்தான். குரூஸ் அண்ணை கால்மரத்தில் காது வைத்துக் கேட்டார். ஒரு மூலை மட்டும் முனகியது. சேவியர் அந்தப் பொருத்தைத் தட்டிக் கழற்ற, குரூஸ் அண்ணை மடுமாதா படத்துக்கு முன்னிருந்த மெழுகுதிரியை எடுத்து நாக்கு முழுக்கத் தேய்த்தார். நான் பதறிப்போனேன்.

"மாதா கோவிக்க மாட்டா. அவவும் படுக்க இடமில்லாமல் அலைஞ்சவ தானே" என்றார் குரூஸ் அண்ணை.

பிறகு குரூஸ் அண்ணையும் மரியதாஸும் கடற்கரைப் பக்கம் போட்டு வாறம் என்று வெளிக்கிட்டார்கள். நான் ஏறிப் படுத்தேன். இந்தப் பக்கம் திரும்பினேன், அந்தப் பக்கம் திரும்பினேன். தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது. சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் பெடியன் போல அவர் ஏணியடியில் நின்றார்.

"நான் போகேல்லை" என்றேன். கண் நிறைந்துவிட்டது.

மரம் வாயை மூடியது, ஆனால் குரல் கீழே போகுமே. அதனால் காதுக்குள்தான் கதைத்தோம். ஊரிலிருந்து வந்த சாவுச் செய்தி, என் வயிற்றில் பிள்ளை என்ற செய்தி, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற அவருடைய பயம், எல்லாம் காதுக்குள். கோபத்தைக்கூட அப்படித்தான் சொன்னோம். காதுக்குள் சொன்னால் கோபம் பாதியாகிவிடும், நீங்களும் செய்து பாருங்கள்.

மரியதாஸ் லண்டன் போய்விட்டான். குரூஸ் அண்ணை இல்லை. மாளிகையைத் திருத்திச் சுற்றுலாக்காரருக்கு விடுகிறார்களாம், பரண் என்ன ஆனதோ. எங்களுக்கு இப்போது கதவுள்ள மூன்று அறைகள். வாள் இயந்திரத்தின் இரைச்சல் சேவியரின் வலது காதை முதலில் செவிடாக்கியது, பிறகு இடதையும். காதுக் கருவி விசிலடிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார். "மருந்து குடிச்சீங்களோ" என்று நான் கேட்டால் மாடிப்படி முழுவதும் கேட்கும். சத்தம் போட்டுச் சொல்லக்கூடியதை எல்லாம் அப்படியே சொல்லிக்கொள்கிறோம். மற்றதை நான் இப்போதும் அவர் காதுக்கு அருகில் போய்த்தான் சொல்கிறேன். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டுவார். கேட்டதா என்று நான் கேட்பதில்லை.