ஒற்றைக் கதவை அளந்து வாங்கிய வண்டி

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மூத்தவளுக்கு வயது ஒன்றே முக்கால். இதுவும் ஆபரேஷன்தான். மூன்று மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது, தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் பதினோரு கிலோ கனம் இரண்டு காலில் ஓடித் திரிகிறது என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் அந்தப் பதினோரு கிலோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் என்னைப் பார்க்காத பிள்ளை. என் உம்மா குறுக்கே பாய்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். உன் உம்மாவுக்கு வயிற்றில் புண், தூக்க முடியாதும்மா என்றேன். அவள் என் வயிற்றைப் பார்க்கவில்லை. என் கையில் துணி சுற்றிக் கிடந்த தம்பியைப் பார்த்தாள். இவனை மட்டும் எப்படித் தூக்கினாய் என்று கேட்க அவளுக்கு வார்த்தை வராது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று "தூக்கு" என்பாள். பக்கத்தில் உட்காரச் சொல்வேன், பிஸ்கட் கொடுப்பேன், கதை சொல்வேன். அவளுக்கு அதெல்லாம் வேண்டாம். இருபது நாள் போல ஆனபோது கேட்பதை நிறுத்திவிட்டாள். காலேஜில் படிக்கும் என் தங்கச்சியின் இடுப்பில் ஏறிக்கொண்டவள் அங்கேயே குடியிருந்தாள். சோறு, குளியல், தூக்கம் எல்லாம் அந்தச் சாச்சியிடம்தான்; சின்னம்மாவை எங்கள் வீட்டில் சாச்சி என்போம். நான் கூப்பிட்டால் சாச்சியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். எனக்கு வயிறெரிந்தது. நான் பெற்ற பிள்ளை என் கண்ணெதிரே என்னை வேண்டாம் என்கிறாள், நான் தலையணையில் சாய்ந்து பத்தியச் சோறு தின்றுகொண்டிருக்கிறேன். தங்கச்சி மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் இல்லையென்றால் நான் நாறிப்போயிருப்பேன் என்பதும் தெரியும். அதனால் அந்தக் கோபத்தைக் கொட்ட இடம் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் துபாயிலிருந்து மச்சான் ஒரு போட்டோ அனுப்பினார். என் வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். ஏதோ ஒரு மாலில் யாரோ ஒரு பெண் ஒரே வண்டியில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தூக்கவே வேண்டாம், தள்ளினால் போதும். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அரசலாற்று ஓரமாக பீச் வரைக்கும் நானே போவேன். சாச்சி கிடையாது, உம்மா கிடையாது. ஒரு வாரம் அப்படிப் போனால் போதும், என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள் என்று நம்பினேன்.

லீவு நாளில் மச்சான் கடைக்குப் போய் வீடியோ காலில் ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்றில் இரண்டு இருக்கையும் பக்கத்தில் பக்கத்தில். பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலாம், இரண்டு இருக்கையையும் தள்ளுகிறவர் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அகலம் முப்பது அங்குலம். இன்னொன்று முன்னும் பின்னுமாக. பச்சைப்பிள்ளை பின்னால் என் கைக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்துப் படுத்திருக்கும். மூத்தது முன்னால் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். முன் இருக்கை திரும்பாது. அகலம் இருபத்திரண்டு.

எனக்குப் பிடித்தது முதல் வண்டிதான். வாசலில் நுழையுமா என்று பார்க்கத் தங்கச்சியின் தையல் டேப்பை வாங்கிப் போய் நானே அளந்தேன். எங்களுடையது இரட்டைக் கதவு. வலது கதவு மட்டும்தான் திறக்கும். இடது கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டிருக்கும். பெண்கள் புழங்குகிற வீடு, தெருவில் போகிறவர்கள் கண் கூடம் வரைக்கும் வரக் கூடாது என்பதற்காக எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எங்கள் பக்கம் கல்யாணமானாலும் பெண் தாய்வீட்டிலேயே இருந்துவிடுவாள். ஆக, பிறந்ததிலிருந்து நான் அந்த இடது கதவை மூடியேதான் பார்த்திருக்கிறேன். அதில் சாய்த்துச் செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கிறோம். எனக்கு அது சுவர். திறந்திருந்த பாதியை மட்டும் அளந்தேன். இருபத்து நான்கு அங்குலம் இருந்தது.

"நல்லா அளந்தியா புள்ள?" என்று மச்சான் கேட்டார். அளந்தேன் என்றேன். "சரி, பொறந்ததுலேர்ந்து அந்த வீட்லதான இருக்கே. உனக்குத் தெரியாததா?" என்றார்.

அவர் முன் பின் வண்டியைக் கேமராவுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். முன் இருக்கையில் இருக்கிற பிள்ளைக்கு என் முகம் தெரியாதே என்று எனக்கு உறைத்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை. வேலைக்குப் போகிற மனிதர் கிடைத்த ஒரு நாளில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். இதையே எடுங்கள் என்றேன்.

துபாயிலிருந்து லீவில் வரும், பக்கத்து ஊரான பூவத்துக்காரர் ஒருவர் தன் சாமான்களோடு அதைக் கொண்டுவர ஒப்புக்கொண்டார். அவர் ஃப்ளைட் ஏறிய அன்று எனக்கு நாற்பதாம் நாள். சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு. காலையில் பிரியாணி தேக்சா வந்து இறங்கியது. அவ்வளவு பெரிய பாத்திரம் பாதிக் கதவில் நுழையவில்லை. தூக்கி வந்தவர்கள் கேட்டதும் உம்மா செருப்பு ஸ்டாண்டை நகர்த்திவிட்டு, இடது கதவின் தாழ்ப்பாளைத் தட்டித் தட்டி நீக்கினார்கள். இரண்டு கதவும் திறந்துகொண்டன. தேக்சா உள்ளே போனது, பக்கத்தில் ஒரு ஆள் நடந்து போக இடமும் இருந்தது.

நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி என்னைப் பார்த்தாள். போய் டேப்பை எடுத்து வந்து அளந்தாள். நாற்பத்தெட்டு.

"ரெட்ட மாட்டு வண்டியே போவும் போல லாத்தா" என்றாள்.

சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. மச்சானுக்குப் போன் செய்தேன். யா அல்லாஹ், நானும்தானே இத்தனை வருஷமாக அந்த வாசலில் போய் வருகிறேன் என்றார். வண்டி அப்போது கடலுக்கு மேலே எங்கோ வந்துகொண்டிருந்தது.

மறுநாள் வண்டி வந்து சேர்ந்தது. அடுத்த நாள் சாயங்காலமே கிளம்பிவிட்டேன். உம்மாவும் தங்கச்சியும் அதைப் படிக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். தங்கச்சிதான் இரண்டு பிள்ளைகளுக்கும் பெல்ட் மாட்டினாள். நானும் வருகிறேனே என்றாள். ஒன்றும் வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மூத்தவளுக்குப் புது வண்டி ஏறிய குஷி. சாச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் என்ன சந்தோஷம் என்கிறீர்கள்.

சாக்கடைப் பலகைகளில் தடக் தடக் என்று போய் ஆற்றோரப் பாதைக்கு வந்துவிட்டோம். ஆற்றில் படகுகள் வரிசையாக நின்றன. அவள் கையை நீட்டிப் படகைக் காட்டி என்னமோ சொன்னாள். ஆமாம்மா, படகு என்றேன். என் குரல் வந்த திசையைத் தேடி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மேலே துணிக்கூரை, தோளில் பெல்ட், பின்னால் தம்பியின் தொட்டில். நான் அவள் கண்ணுக்கு அகப்படவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனோம். சாச்சியைத்தான் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உம்மா" என்றாள்.

மூன்று வாரமாக அவள் வாயிலிருந்து வராத சொல். இங்கேதான் இருக்கேன்மா என்று பின்னாலிருந்து சொன்னேன். அதுதான் தப்பாகிவிட்டது. குரல் கேட்கிறது, ஆள் இல்லை. அவள் பெல்ட்டுக்குள் முறுக்கிக்கொண்டு உம்மா உம்மா என்று வீறிட ஆரம்பித்தாள். நான் பேசப் பேச அழுகை கூடியது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நிற்கிறேன், என் பிள்ளை என்னைத் தொலைத்துவிட்டு அழுகிறாள். காலால் பிரேக்கை மிதித்துவிட்டு வண்டியைச் சுற்றி முன்னால் ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் அழுகை நின்றது. இரண்டு கையையும் தூக்கினாள்.

"தூக்கு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே முட்டி போட்டு உட்கார்ந்தேன். பெல்ட் புதுசு, கிளிப் இறுக்கமாக இருந்தது. இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தி அழுத்தி ஒருவழியாகத் திறந்தேன். அவளே வழுக்கி இறங்கி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளோடு எழுந்திருக்கப் பார்த்தேன். தையல் போட்ட இடம் சுரீர் என்று இழுத்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையை எடும்மா என்றேன், இன்னும் இறுக்கினாள். பின்னால் தொட்டிலில் சின்னவன் விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து அவன் கைக்கு எட்டமாட்டான், கையை விட்டால் இவள் மறுபடி கிடைக்கமாட்டாள். போன் வண்டியின் அடிக்கூடையில் இருந்தது.

வாக்கிங் வந்த ஒரு அம்மா நின்றார்கள். நிலைமையைப் பார்த்ததும் நான் எழுந்திருப்பதற்காகக் குனிந்து மூத்தவளைப் பிரித்து வாங்கப் போனார்கள்.

"இவளத் தொடாதீங்க" என்றேன். "தொட்டில்ல உள்ள புள்ளைய எடுத்துக்குங்க."

நாற்பத்திரண்டு நாள் பிள்ளையை, முகம்கூடச் சரியாகப் பார்க்காத ஒருத்தரிடம் கொடுத்துவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு அந்தப் பாதையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.