வாய்விட்டுக் கேட்க முடியாத சாமான்கள்

போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் யாழ்ப்பாண நகரத்தில் குளிரூட்டிய பெரிய கடையொன்றைத் திறந்தார்கள். வேலணைத் தீவில் எங்கள் கடை அப்போதும் பழைய மாதிரித்தான். மேசைக்கு உள்ளே என் கணவர் நிற்பார். சனம் வெளியே நின்று கேட்கும், அவர் எடுத்துக் கொடுப்பார். மத்தியானம் அவர் சாப்பிடப் போகும் நேரம் மட்டும் நான் நிற்பேன்.

கொஞ்சக் காலத்தில் பெண்களின் வரவு குறைந்தது. பஸ்ஸால் இறங்கி, அந்தப் பெரிய கடையின் பையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எங்கள் வாசலைக் கடப்பார்கள்.

"அங்கை விலையும் எங்களைவிடக் கூட. பிறகேன் போயினம்?" என்று கணவர் மனம் நொந்தார்.

ஒருநாள் நானே பார்த்துவிட்டு வரலாமென்று பஸ் ஏறினேன். கடைக்கு உள்ளே சாமான் அடுக்கிய றாக்கைகளுக்கு நடுவில் எதிரே வந்தவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ரீச்சர். நெடுங்காலமாக எங்களிடம் வாங்கியவர். என்னைக் கண்டதும் கையிலிருந்த கூடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு என் கையிலும் ஒரு கூடை இருப்பதைப் பார்த்தார்.

"நீங்களுமோ அக்கா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தோம். பண்ணைப் பாலத்தால் கடலைத் தாண்டியதும் நேராகவே கேட்டேன்.

"எங்கடை கடையிலை என்ன குறை ரீச்சர்? சொல்லுங்கோ."

"குறை ஒண்டுமில்லை அக்கா." குரலைத் தாழ்த்தினார். "மாதாமாதம் எங்களுக்கு வேண்டிய பைக்கற்றை அண்ணையிட்டை எப்பிடிக் கேக்கிறது? பக்கத்திலை ஆம்பிளையள் நிப்பினம். அங்கை எண்டால் நாங்களே எடுக்கலாம்."

எனக்கு வேண்டியதை நான் மேசைக்கு உள்ளே போய் எடுத்துக்கொள்பவள். இப்படியொரு சங்கடம் இருக்குமென்று நினைத்தே பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து, மேசையை ஒரு பக்கம் தள்ளி, உட்சுவரோடு பெண்களுக்கென்று ஒரு றாக்கை அடிப்போம் என்று கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரோ? கடைக்குள்ளை எல்லாரையும் விட ஏலுமோ?"

"எல்லாரையும் இல்லை. பொம்பிளையளை. அந்தப் பக்கம் நான் நிக்கிறன்."

கொஞ்ச நாள் கணவர் மேசையையும் உட்சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தச்சரை அவரே கூட்டி வந்தார்.

முதலில் வந்தவர் ரீச்சர்தான். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். சவர்க்காரத்தை மணந்து பார்த்தார்கள், உள்ளாடையை விரித்து அளவு பார்த்தார்கள், ஒன்றும் வாங்காமலும் நின்று கதைத்தார்கள். அந்த நேரம் கணவர் வாசலுக்குப் போய் றோட்டைப் பார்த்தபடி நிற்பார். கேக் அடிக்கிற சாமான்களுக்கு அவர்கள் நகரத்துக்குத்தான் போனார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை.

ஒரு பின்னேரம் கணவர் அந்த றாக்கையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மல்லிகைப் பவுடர் முடியப்போகுது. நாளைக்கு யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போறன், கொண்டுவரட்டோ?"

"ஓம், கொண்டுவாங்கோ," என்றேன்.