என் அனுமதியைப் பறித்த வத்சலா மேடம்

செய்தி வந்தபோது நான் அடையாறில் ஒரு கண் மருத்துவரிடம், இரு கண்களிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏதோ வந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எழுத்துகள் கலங்கிக் கிடந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணியிடம் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் கைபேசியைத் தள்ளிப் பிடித்து, "வத்சலா மேடம் இன்னிக்குக் காலைல தவறிட்டாங்க, மூணு மணிக்கு வீட்டுக்குக் கொண்டு வராங்கன்னு நந்தினின்னு ஒருத்தர் போட்டிருக்காங்க" என்று படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, உறவா என்று கேட்டார். உடன் வேலை பார்த்தவர் என்றேன். என்ன வேலை என்று கேட்டிருந்தால் அந்த இடத்தில் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இங்கே முயல்கிறேன்.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மின்சாதனக் கடையின் மாடியில் இயங்குகிறது எங்கள் வட்டாரச் செய்தித் தளம். மயிலாப்பூரிலிருந்து கொட்டிவாக்கம் வரை அதைப் படிக்கிறவர்களுக்கு வத்சலா மேடத்தின் பெயர் தெரிந்திருக்காது. அவர் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனால் அந்த மாடிப்படி ஏறிய உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தளத்துக்குள் யார் நுழையலாம், நுழைந்தவர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை ஏழு ஆண்டுகள் அவர்தான் பார்த்துக்கொண்டார். சம்பளம் கிடையாது. நன்றி சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை. உங்களில் சிலர் அவரைத் திட்டியிருப்பீர்கள். நானும்தான்.

முதல் முறை அவர் புகாரோடுதான் வந்தார். அபிராமபுரத்தில் அவர் தெருவில் மழைநீர் வடிகால் வேலை முடிந்துவிட்டதாக எங்கள் தளத்தில் வந்திருந்தது. அவர் வீட்டு வாசலிலோ பள்ளம் அப்படியே இருந்தது. எங்கள் நிருபர் முடியவில்லை என்றுதான் எழுதியிருந்தார்; யாரோ மாற்றியிருந்தார்கள். யார் மாற்றியது என்று வத்சலா மேடம் கேட்டார். எங்களால் சொல்ல முடியவில்லை. அப்போது தளத்துக்கு ஒரே ஒரு லாகின்தான் இருந்தது. அதுவும் என் பெயரில். பாஸ்வேர்டை இனிப்புக் கடை காலண்டரின் ஓரத்தில் எழுதி ஆணியில் மாட்டியிருந்தோம். எழுதுகிறவர், திருத்துகிறவர், படம் ஏற்றுகிறவர் என்று பதினோரு பேரும் நானாகத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தோம். ஒரு குடும்பம்போல இருக்கிறோம் என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ எல்லாமே நீங்க எழுதினதுதான் சார். அடை செய்முறைகூட" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அவராகவே வந்து, இதை நான் சரி செய்து தரட்டுமா என்று கேட்டார்.

அவர் ஒரு வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பல கிளைகளில் பெட்டக அறையின் சாவியை வைத்திருந்தவர். அந்த அறைக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. ஒருவர் விடுப்பில் போவதானால் தன் சாவியை இன்னொருவர் பொறுப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டவேண்டும். அந்த வழக்கத்தை அவர் எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு லாகின் கொடுத்தார். சிலர் எழுதி வைக்கலாம், அவ்வளவுதான். சிலர் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தலாம். மூன்றே பேர்தான் வெளியிடலாம். அந்த மூவரில் நான் ஒருவன்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவர் பட்டியலை உரக்க வாசிப்பார். பெயர் வந்ததும் அவரவர் தனக்கிருக்கும் அனுமதி இன்னும் எதற்கு வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லவேண்டும். சொல்லத் தெரியாதவர் ஒரு படி இறங்குவார். கச்சேரி விமர்சனம் எழுதும் வெங்குவுக்கு இது பொறுக்கவில்லை. மயிலாப்பூர் மாடவீதிக்காரர், எழுபது வயது, யாரிடமும் அனுமதி கேட்டுப் பழகாதவர். "நீங்க என்ன மேடம், லாக்கர் ரூமா நடத்திண்டிருக்கேள்?" என்றார். "ஆமா சார். உள்ள இருக்கறது நம்மளுது இல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு ஒரு மார்கழியில் புரிந்தது. செல்வி மந்தைவெளியில் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். ஆற்றோரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அதை இடித்தபோது அங்கிருந்தவர்களை நகருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். செல்வியின் பெயர் வீடு பெறுவோர் பட்டியலில் இருந்தது. ஒதுக்கீட்டு ஆணை மட்டும் வரவில்லை. இரண்டு பிள்ளைகளோடு தங்கையின் வீட்டில், அவர்கள் படுத்ததுபோக மிஞ்சிய இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆற்றோரத்தில் ஒரு நாளும் வசிக்காதவர்கள் அந்தப் பட்டியலில் எப்படி நுழைகிறார்கள், நுழைப்பவர் யார் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். ஒரே நிபந்தனை வைத்தார். "என் பேரு மட்டும் வரக்கூடாது சார். அந்தாளு கையிலதான் லிஸ்ட்டு கீது. தெரிஞ்சா என் பேர எடுத்துடுவான், வூடு போயிடும்." வராது என்று வாக்குக் கொடுத்தேன்.

செய்தியை எழுதித் தளத்தில் வைத்திருந்தேன். இன்னும் இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்ததால் வெளியிடவில்லை. அதன் தலைப்பகுதியில், என் நினைவுக்காக, செல்வியின் முழுப்பெயரும் தங்கை வீட்டு முகவரியும் இருந்தன. மறுநாள் காலை நான் ரயிலில் இருந்தபோது வெங்கு அழைத்தார். அவர் விமர்சனத்தில் ஒரு ராகத்தின் பெயர் தப்பாக வந்துவிட்டது, வித்வான் வீட்டிலிருந்து கோபமாகப் பேசிவிட்டார்கள், அவர் லாகினில் திருத்த முடியவில்லை. வத்சலா மேடத்தைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். நான் என் பாஸ்வேர்டைச் சொன்னேன்.

வெங்கு ராகத்தைத் திருத்தினார். அடுத்து என் பெயரில் இருந்த இன்னொரு கட்டுரையைப் பார்த்தார், ஆர்வத்தில் திறந்தார், மூடுவதாக நினைத்து வெளியிடும் பொத்தானை அழுத்தினார். நாற்பது நிமிடம் அது எல்லோர் கண்ணுக்கும் கிடைக்கும்படி இருந்தது. வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே தளத்தைப் பார்த்த வத்சலா மேடம் அதை இறக்கிவிட்டு என்னை அழைத்தார். அழுத்தியது வெங்கு என்று நான் ஆரம்பித்தேன். நான் முடித்ததும், "பதிவுல உங்க பேர்தான் சார் இருக்கு" என்றார்.

அன்று மாலைக்குள் நான் வெளியிடும் அனுமதியை இழந்தேன். அந்தத் தளத்தைத் தொடங்கியவன் நான். முப்பத்து நான்கு ஆண்டு நிருபர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். நாள் கணக்கு ஒன்றும் வைக்கவில்லை என்றார். கோபத்தில் நான் சொன்ன சில வார்த்தைகளை அவர் யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை என்பதைப் பிறகு அறிந்தேன். அதைவிடக் கடினமாக இருந்தது அவருடைய அடுத்த வாக்கியம்: நாளைக்கே செல்வியைப் பார்த்து நடந்ததைச் சொல்லவேண்டும். நான் வேண்டாம் என்றேன். மிகச் சிலரே பார்த்திருப்பார்கள், எதற்கு அவரைப் பயமுறுத்துவது என்றேன். "எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியும். அதுல அந்த ஆள் இருந்தாரான்னு தெரியாது. அவங்க வீட்டு விஷயம், அவங்களுக்குத் தெரியாம நமக்கு மட்டும் எப்படி சார் தெரிஞ்சிருக்கலாம்?" என்றார்.

மறுநாள் மதியம் மந்தைவெளி பேருந்து நிலையத்தில் செல்வியைச் சந்தித்தோம். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் தன் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார். வராதுன்னு நீதானே சொன்ன."

"நான்தான் சொன்னேன்."

அவர் வத்சலா மேடத்தின் பக்கம் திரும்பினார். "நீ யாரும்மா? ஆபீசரா?"

"இல்லம்மா. யார் உள்ள போலாம், வரலாம்னு பாத்துக்கறவ. நான்தான் இவரை ஒழுங்கா பாத்துக்கல."

செல்வி சிரிக்கவில்லை. "என்னப் பத்தி எழுதினத ஊர்ல கீறவன்லாம் பாத்துட்டான். நான் மட்டும் இன்னும் பாக்கல" என்றார். அவருடைய பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வத்சலா மேடம் அந்த வாக்கியத்தை விடவில்லை. இரண்டு நாள் கழித்து, செல்விக்கு ஒரு லாகின் கொடுக்கப்போவதாக அறிவித்தார். அறையே எதிர்த்தது, நான் எல்லோரையும்விட அதிகமாக. செய்தியில் வருகிறவரிடம் செய்தியை முன்கூட்டிக் காட்டுவது எங்கள் தொழிலில் கிடையாது. இன்று செல்விக்குக் காட்டினால் நாளை கவுன்சிலர் கேட்பார் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "செய்தி உங்களுது சார். பேர் அவங்களுது" என்றார்.

வாதாடி ஒரு முடிவுக்கு வந்தோம். செல்வி மற்ற எதையும் பார்க்க முடியாது. தன்னைப் பற்றிய பகுதியை மட்டும் தன் கைபேசியில் படிக்கலாம். ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. ஆனால் அவர் 'சரி' என்று குறிக்கும்வரை அவருடைய பகுதி வெளியே போகாது; இனிப் பெயர் மறைத்து எழுதப்படும் எல்லோருக்கும் இதுதான் விதி. அதை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுக்க வத்சலா மேடம் மூன்று மதியங்கள் பேருந்து நிலையத்துக்குப் போனார்.

செல்வி 'சரி' என்று குறிக்கவில்லை. வீடு கைக்கு வரட்டும் என்றார். நான் வேறு இரண்டு குடும்பங்களைத் தேடிப்பிடித்து, அவர் பகுதி இல்லாமலேயே ஒரு செய்தி எழுதினேன். அது மெலிந்துபோன செய்தி. அதைப் படித்து யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. செல்வி சொன்னது அப்போதே வந்திருந்தால் காத்திருந்த மற்றவர்களுக்கு உதவியிருக்குமோ என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது. வத்சலா மேடத்திடம் அதைக் கேட்டிருக்கிறேன். "இருக்கலாம் சார்" என்றார். அந்த மாதங்களில் ஒவ்வொரு வாரமும் செல்வியை அழைத்து, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடத்தில் யார் பார்த்தார்கள் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

ஆணை ஜூன் மாதம் வந்தது. செல்வி முதலில் அழைத்தது வத்சலா மேடத்தைத்தான். மாடியில் எல்லோரும் கேட்கும்படி மேடம் கைபேசியை மேசைமேல் வைத்தார். "சாவி குட்த்துட்டாங்கம்மா. மூணாவது மாடி. தண்ணி வருது" என்றார் செல்வி. கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்த சார்கிட்ட சொல்லு, இப்போ போடட்டும். பேரையும் சேர்த்தே போடட்டும். நான் சொன்னதுதானே" என்றார். அன்று மதியமே அவர் கைபேசியிலிருந்து 'சரி' வந்தது. எனக்கு அனுமதி இல்லாததால், எங்களில் இளையவரான நந்தினி வெளியிட்டார். நான் எழுதியவற்றில் ஒருவர் தாமாகக் கொடுத்த பெயரோடு வந்த செய்தி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மூன்று வாரத்துக்கு முன் அறுவை சிகிச்சைக்குப் போகும் முன்பு வத்சலா மேடம் மாடிக்கு வந்தார். படிகளில் இரண்டு இடத்தில் நின்றார். நந்தினியை அட்மினாக்கி, தன் எதிரிலேயே உள்ளே போகச் சொல்லி, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்தார். பிறகு பட்டியலில் இருந்து தன் பெயரை எடுத்தார். ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், சாட்சிக்கு நான். பத்து நாளில் வந்துவிடுவீர்களே, பெயர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நந்தினி சொன்னார். "வந்து கேட்டு வாங்கிக்கறேன். எதுக்குன்னு நீ கேளு, நான் ஒரு வாக்கியத்துல சொல்றேன். சரியா இல்லேன்னா கொடுக்காத" என்றார். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அவர் போன மறுநாளும் தளம் வழக்கம்போல் திறந்தது. எவரும் எதையும் தேடவேண்டியிருக்கவில்லை.

என் அனுமதியைத் திருப்பித் தரட்டுமா என்று நந்தினி கேட்டார். வேண்டாம் என்றேன். வத்சலா மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பழக்கத்தை. ஒரு பெயரை ஊருக்குக் காட்டும் முன் அந்தப் பெயருக்கு உரியவரிடம் போய் நிற்பது. இதை எழுதி முடித்ததும் செல்வியிடம் படித்துக் காட்டினேன். "இவ்ளோ கோவமாவா சார் பேசினேன்? இருக்கட்டும், கரெக்டாதான் கீது" என்றார். பிறகு அபிராமபுரத்துக்குப் போய் வத்சலா மேடத்தின் கணவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். கடைசி நாட்களைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்து, "இது அவளுக்குப் பிடிக்காது" என்றார்.

நல்ல வரிதான் அது. எடுத்துவிட்டேன்.