ஆறாவது லெவல்

எங்கள் டிபார்ட்மென்ட் லிஃப்டில் ஏறி ஐந்தாம் எண்ணை அழுத்தும்போதெல்லாம் என் வயிறு கீழே இறங்கத் தயாராகிவிடுகிறது. லிஃப்டோ மேலே போகிறது. மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து, இங்கிலாந்தின் வடக்கே மழை ஓயாத இந்த ஊருக்கு வந்து பல வருடங்கள் ஆகியும் இந்தத் தடுமாற்றம் தீரவில்லை. கதவு திறந்ததும் எதிர்ச் சுவரில் ‘லெவல் 5’ என்று எழுதியிருக்கும். கோலார் தங்கவயலில், எங்கள் கே.ஜி.எஃப்.பில் பிறந்தவனுக்கு லெவல் என்பது பூமிக்குள் இருப்பது. எண் கூடினால் ஆழம் கூடும், சூடு கூடும், வீட்டில் காத்திருப்பவர்களின் பயமும் கூடும். ஆட்களை இரும்புக் கூண்டில் அடைத்து இறக்குவார்கள். அதற்கு எங்கள் ஊரில் கேஜ் என்று பெயர். தங்கச் சுரங்கத்தை மூடி இத்தனை காலமாகியும், அந்தக் கேஜில் ஒருநாள்கூட ஏறாத என் வயிறு மட்டும் இன்னும் டூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது.

இங்கே படிப்புக்கும் லெவல்தான். கெமிஸ்ட்ரி டிகிரியின் முதல் வருடம் லெவல் நான்கு, அடுத்தது ஐந்து, கடைசி வருடம் ஆறு. முப்பத்தைந்து வயதுக்கு மேல், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்த அன்று, கே.ஜி.எஃப்.பின் கோரமண்டல் பகுதியில் இருக்கும் என் அப்பாவிடம், நைனாவிடம், போனில் இதைச் சொன்னேன். அவர் நூறைத் தாண்டிய லெவல்களில் பாறையில் துளை போட்டவர்.

“அப்போ ஒன்னு, ரெண்டு, மூணெல்லாம் இன்னாடா ஆச்சு? தண்ணி ரொம்பி மூடிட்டாங்களா?” என்றார்.

அதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும் என்றேன். அவர் கேட்பதாக இல்லை. “ஆறாவது லெவல் தானே? அது மேலயே கீதுடா. கேஜே வேணாம். சோத்து டப்பாவத் தூக்கிக்கினு நடந்தே எறங்கிடலாம்,” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் என் தங்கை செல்வி போனை வாங்கிக்கொண்டாள்.

அப்படி நடந்து இறங்கிவிடக்கூடிய லெவல் இல்லை அது. இங்கே பாஸ் மார்க் நாற்பது. தியரியில் ஒரு பாடம் கொஞ்சம் சறுக்கினால் இன்னொரு பாடம் தாங்கிப் பிடிக்கும். லேபுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைத் தனியாகப் பாஸ் செய்ய வேண்டும், ஒவ்வொரு பிராக்டிகலுக்கும் ஆள் நேரில் நிற்க வேண்டும், இரண்டே வாய்ப்புதான். லெவல் ஐந்தில் இருந்தபோது, வசந்த காலத்தில் நைனாவைக் கோலார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் ஓடிப்போனேன். திரும்பி வந்து பார்த்தால் போகாத லேபுக்கெல்லாம் பூஜ்யம். ஆகஸ்டில் ஒரு வாரம் மறுபடி வைப்பார்கள். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் நாற்பதுக்கு மேல் போடமாட்டார்கள். அதிலும் தவறினால் டிகிரி அங்கேயே முடிந்தது. தண்ணீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், டிகிரி கையில் இருந்தால். இல்லாவிட்டால் ஆயுள் முழுவதும் குடோனில் பெட்டி அடுக்க வேண்டியதுதான்.

இது எனக்கு இரண்டாவது டிகிரிப் படிப்பு. முதல் பி.எஸ்ஸி. எங்கள் ஊரிலேயே. அங்கே முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். ரெகார்டு நோட்டில் பென்சில் படம் சுத்தமாக இருக்க வேண்டும். பிராக்டிகல் அன்று வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினர் என்ன மனநிலையில் ரயிலை விட்டு இறங்குகிறாரோ, அதைப் பொறுத்து வைவா. காலேஜ் ஜன்னலைத் திறந்தால் சயனைடு மேட்டுத் தூசி வந்து பீக்கருக்குள் விழும். தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் அது, மலை மலையாக. ஒரு நாட்டையே நகை போட்டு அனுப்பிய கெமிஸ்ட்ரி எங்கள் கொல்லையில் குவிந்து கிடக்க, நாங்கள் சால்ட் அனாலிசிஸ் மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். சுரங்கம் மூடிய பிறகு வீடு நடக்க வேண்டுமே என்று கடைசி வருடத்தில் நானும் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூரு வேலைக்குப் போனேன். அட்டெண்டன்ஸ் போதவில்லை, ஹால் டிக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று நைனா என் ரெகார்டு நோட்டை மட்டும் எடைக்குப் போட விடாமல் பரணில் ஏற்றிவைத்தார்.

ஆகஸ்டு லேபுக்கு முந்தின வாரம் செல்வி கூப்பிட்டாள். “அண்ணா, நைனா சீரியஸ்ணா. மறுபடி கோலாருக்கே இட்டுக்கினு வந்துட்டோம்.” ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டுகிறது என்று என் மனைவி அவளிடம் கேட்டாள். எண்ணைக் கேட்டதும் எழுந்துபோய் என் பாஸ்போர்ட்டைத் தேடினாள்.

மறுநாள் மாணவர் அலுவலகத்துக்கு ஓடினேன். மேசைக்குப் பின்னால் நல்ல முகமுள்ள ஒரு பெண். “மை ஃபாதர் இஸ் சீரியஸ்,” என்றேன்.

அவள் சிரித்தாள். “தட்ஸ் லவ்லி. படிப்பில் அக்கறையுள்ள அப்பா எல்லாருக்கும் கிடைப்பதில்லை,” என்றாள் அவள் மொழியில்.

இருபது வருடம் கன்னடத்தோடும் தெலுங்கோடும் மல்லுக்கட்டிப் பிழைத்தவன், ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லில் மாட்டிக்கொண்டேன். சாகக் கிடக்கிறார் என்று உடைத்துச் சொன்னபோது அவள் உண்மையாகவே பதறினாள். ஆனால் பதற்றத்தால் விதி வளையுமா? ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும், அது கன்னடத்தில் இருந்தால் முத்திரையிட்ட மொழிபெயர்ப்பு வேண்டும், விலக்கு தரலாமா என்று முடிவு செய்யும் குழு கூடுவது லேப் வாரம் முடிந்த பிறகுதான். குழு ஒப்புக்கொள்ளாவிட்டால், வராதது இரண்டாவது வாய்ப்பாகவே கணக்காகிவிடும். அங்கே அட்டெண்டன்ஸ், இங்கேயும் அட்டெண்டன்ஸ். கடல் தாண்டி வந்தும் என்னைத் துரத்துவது அந்த ஒரே சனியன்தான். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்பிள்ளை சுரங்கத்துக்குள் இருக்கும்போது வீட்டில் சாவு விழுந்தால், சேதியைக் கீழே அனுப்பமாட்டார்கள். கலங்கின மனசோடு பாறைக்கடியில் நிற்பவன் தன்னையும் மாய்த்துக்கொள்வான், பக்கத்தில் நிற்பவனையும் மாய்ப்பான். ஷிஃப்ட் முடிந்து அவன் ஏறிவரும்வரை வாசலில் காத்திருப்பார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒருநாள் அதைப் பார்த்தேன். கேஜிலிருந்து இறங்கிய எதிர்வீட்டுக்காரரின் தோளைத் தொட்டு ஒருவர், “மேல வந்துட்டியா?” என்று கேட்டார். அவ்வளவுதான். கண்ணெதிரே நிற்பவனைப் பார்த்து வந்துட்டியா என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் என்ன அர்த்தம் என்று அந்த மனிதருக்குத் தெரியும். தலைவிளக்கைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் தூளியில் தூங்க விட்டுவந்த குழந்தையைப் பற்றிய சேதி அது.

மாணவர் அலுவலகத்துக்குப் போய்வந்த அன்று இரவு செல்வி போனை நைனாவின் காதில் வைத்தாள். டிக்கெட் பார்த்துவிட்டேன், கிளம்பி வருகிறேன் என்றேன். லேப் என்ன ஆகும் என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை, சொல்லிவிட்டேன். மூச்சை இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

“எறங்கிட்டே இல்ல? ஷிஃப்ட்ட முடி. பாதில ஏறி வராதடா. மேல வந்து… பேசிக்கலாம்.”

நான் போகவில்லை. சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரில் இருப்பவர்கள் ஒன்று சொல்வீர்கள், என்னைப் போல் வெளியே வந்து கிடப்பவர்கள் ஒன்று சொல்வீர்கள். இரண்டையும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டாயிற்று.

லேபுக்குள் போன் கூடாது, கீழ்த்தளத்து லாக்கரில் பூட்ட வேண்டும். காலையில் பூட்டிவிட்டு லிஃப்ட் ஏறுவேன். மாலையில் எடுத்துக் கூப்பிட்டால் செல்வி எப்போதும்போல “சாப்டியாண்ணா?” என்றுதான் ஆரம்பிப்பாள். அந்த ஒரு சொல்லில் என் உயிர் திரும்பி வரும்.

கடைசி நாள் வேலை, ஒரு கலவையைப் பிரித்துச் சுத்தப்படுத்துவது. நீளமான கண்ணாடிக் குழாயில் சிலிக்கா தூளை நிரப்ப வேண்டும். வெள்ளை வெளேரென்று மாவு போன்ற தூள். மேற்பார்வை பார்க்கும் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. தூளின் ஆபத்து என்ன என்று கேட்டாள். அது மார்க்குள்ள கேள்வி. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும், தங்கியது திரும்ப வராது, முதலில் வறட்டு இருமல், பிறகு மாடிப்படி ஏற முடியாது, பிறகு படுத்துத் தூங்க முடியாது, உட்கார்ந்தே விடிய வேண்டும் என்றேன். அவள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பாடத்தில் அவ்வளவு இல்லை.

“உங்களுக்கு சிலிக்காவோடு பழக்கம் உண்டா?”

“என் அப்பாவுக்கு உண்டு.”

“ஓ, அப்பாவும் கெமிஸ்டா?”

அவளுக்கு நான் என்ன விளக்க? “யெஸ்,” என்றேன். தூள் வெளியே வராமல் மறைக்கும் பெட்டியின் கண்ணாடிக் கதவை இழுத்துவிட்டு, காற்றை உறிஞ்சும் விசிறி சரியாக ஓடுகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஒரு பொட்டுத் தூள் பறக்காமல் நிரப்பினேன். இந்த விசிறியில் ஒன்று, ஒரே ஒன்று, அந்த ஆழத்தில் அவர் பக்கத்தில் ஓடியிருக்கக் கூடாதா?

சாயங்காலம் அவள் என் குப்பியைத் தூக்கிப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாள். பிறகு வந்த மார்க் நாற்பது. நான் இப்போது ஆறாவது லெவலில் இருக்கிறேன்.

அந்தக் கடைசி நாள் சாயங்காலம் லிஃப்டில் இறங்கி, லாக்கரைத் திறந்து, போனை எடுத்து அங்கேயே நின்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் தினமும் கேட்கும் ஆக்ஸிஜன் சத்தம் இல்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை.

“அண்ணா,” என்றாள். “மேல வந்துட்டியா?”

லிஃப்ட் கதவுக்கு மேல் பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது. ஐந்து லெவல் இறங்கி, இந்த நாட்டின் தரையில் நின்றுகொண்டிருந்தேன்.

“வந்துட்டேம்மா,” என்றேன்.