பிணம் இருந்தால் படம் விற்கும்

உயிரோடிருந்த ஒருவனை இறந்துவிட்டான் என்று சொல்லி என் படத்தை விற்றேன். இங்கே பாரிஸில் படம் பார்ப்பவர்கள், சாவுக் காட்சியில்கூட ஓர் உச்சுக் கொட்டுவதில்லை. கலசப்பாக்கம் கொட்டகையில் பெண்கள் மாரடித்து அழுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். சொந்தமாகப் படமெடுத்து விற்க வழி கேட்டு நம்மூர் இளைஞர்கள் எனக்கு எழுதுகிறார்கள். வழி சுலபம். பதினாறு எம்.எம். கேமரா ஒன்றை இரவல் வாங்குங்கள். ஏழைகள் வாழும் மலையாகப் பார்த்து ஏறுங்கள். ஒரு பிணத்தைக் காட்டுங்கள். மிச்சத்தை வெளிநாட்டான் இரக்கம் பார்த்துக்கொள்ளும்.

நான் ஏறியது ஜவ்வாது மலை. சாமை அறுவடையை எவ்வளவு எடுத்தும் படம் சவசவவென்றிருந்தது. காளி என்ற குடியானவனைப் பாடையில் படுக்கச் சொன்னேன். அவன் மனைவி மாரி குறுக்கே வந்து நின்றாள்.

“இன்னா சார் இது? பாடை ஏறுனவன் மறுபடி வூட்டு வாசல மிதிக்கக் கூடாதுங்க. எங்க மலைக் கட்டு அப்டி.”

“சும்மா நடிப்பும்மா.”

“அப்ப நீங்களே படுங்க. நான் நல்லா அழறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஊர்த் தலைவரான கவுண்டரிடம் அனுமதி வாங்கியாயிற்று என்று பொய் சொன்னேன். காளி நம்பிப் படுத்தான். மறுநாளே திருப்பத்தூரில் ரயிலேறிவிட்டேன்.

பாரிஸில் படம் வாங்க வந்தவர், “நிஜச் சாவுதானே?” என்றார். ஆம் என்றேன்.

சில ஆண்டுகள் கழித்து மறுபடி மலைக்குப் போனபோது, காளி ஊருக்கு வெளியே காவல் குடிசையில் கிடந்தான். மாரி வரப்பில் சோற்றை வைத்துவிட்டு, அவன் முகம் பாராமல் திரும்பிவிடுவாளாம். கவுண்டரின் காலில் விழுந்தேன்.

“செத்தவன் வர முடியாதுங்க. புதுசா பொறந்து வர்லாம்,” என்றார்.

மொட்டையடித்து, குளிப்பாட்டி, முருகன் என்று புதுப் பெயர் வைத்தார்கள். மாரிக்கு மறுபடி தாலி கட்டினான்.

“மாப்ளைக்கு மயிருகூட மொளைக்கல, அதுக்குள்ள கல்யாணம் கேக்குது பாரு,” என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க மட்டும் இனிமே மலை ஏறாதீங்க.”

பாரிஸ் வந்து, அவன் உயிரோடிருக்கிறான், படத்தை நிறுத்துங்கள் என்றேன். வாங்கியவர் மகிழ்ந்து என் கையைக் குலுக்கினார். இதை மேடையில் நீங்களே சொல்லுங்கள், கூட்டம் இன்னும் சேரும் என்றார். சொல்கிறேன். நான் ஏறக் கூடாத மலையில் முருகன் சாமை விதைக்கிறான். இங்கே திரையில் காளியைத் தூக்கிப்போகிறார்கள். விளக்கு எரிந்ததும் எழுந்து, அவன் சாகவில்லை என்கிறேன். கை தட்டுகிறார்கள்.